அடுத்தவருக்காகக் கையெழுத்திடும் உரிமை நமக்கில்லை

(செகந்திராபாத்தில் நடந்த நமது சங்கப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் மருத்துவம் படித்தவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே பார்சல் ஆபீசில் ரசீது எழுதிப் பிழைப்பவன். அப்படிப்பட்டவனை மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றிப் பேசச் சொல்லி நமது செயற்குழு மேடையேற்றியிருக்கிறது. காரணம் உங்களுக்குத் தெரியும். ஓர் ஆராய்ச்சிக் குழுவினர் நமது சங்கத்தை நாடி வந்திருக்கிறார்கள். தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களில் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் எந்த அளவுக்கு இருக்கின்றன, மருத்துவம் அவர்களுக்கு எட்டுகிறதா, எட்டவில்லையென்றால் எட்டச் செய்வது எப்படி என்று மூன்றாண்டுக் காலம் ஆராயப் போகிறார்களாம். அதற்கு நம்மிடம் மூன்று உதவிகள் கேட்கிறார்கள். ஒன்று, நமது உறுப்பினர் பட்டியல். இரண்டு, ரத்தம் எடுக்க இந்த மண்டபம். மூன்று, “சங்கம் ஆதரிக்கிறது, அனைவரும் ஒத்துழைக்கவும்” என்று தலைவர் கையொப்பமிட்ட ஒரு கடிதம். மண்டபத்துக்கு வாடகையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் நம்மிடையே இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன. “இலவசமாக ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள், வாடகையும் வருகிறது, உடனே கடிதம் கொடுங்கள்” என்பது ஒரு கட்சி. “நம்மை எலியாக்கப் பார்க்கிறார்கள், வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்” என்பது மறு கட்சி. இரண்டுமே அவசர முடிவுகள் என்பது என் கருத்து. ஏன் என்பதைக் காரணத்தோடு சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தோழர்களே, நோய் மொழி பார்த்து வருவதில்லை. ஆனால் மருத்துவமனைச் சன்னலில் மொழி உண்டு, அட்டை உண்டு, முகவரிச் சான்று உண்டு. 2007இல் ஆந்திரத்தில் ஆரோக்கியஸ்ரீ தொடங்கியபோது வெள்ளை ரேஷன் அட்டை உள்ளவருக்கே அது என்று வைத்தார்கள். ஊரில் ஒரு அட்டை, இங்கே வாடகை வீடு என்று வாழ்ந்தவன் கதி என்ன? நம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பிளாட்பாரத்தில் இருவர் வேலை செய்கிறோம். நிரந்தரத் தொழிலாளிக்கு லாலாகுடா ரயில்வே மருத்துவமனை இருக்கிறது. அதே பிளாட்பாரத்தைக் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த வாசல் இல்லை. சட்டப்படி அவருக்கு ஈ.எஸ்.ஐ. இருக்க வேண்டும், அட்டை கையில் இல்லாதவர்கள் இந்த மண்டபத்திலேயே எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் தெரிந்துவிடும். இந்த ஏற்றத்தாழ்வை எண்ணால் எழுதிக் காட்டாதவரை அரசுக்கு அது கண்ணில் படாது. எழுதிக் காட்டுவதற்குத்தான் ஆராய்ச்சி வேண்டும். ஆகவே ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்வது நமக்கு நாமே கதவைச் சாத்திக்கொள்வதாகும்.

ஆராய்ச்சி என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமி வளர்கிறது என்பதை ரொனால்ட் ராஸ் கண்டது இதே செகந்திராபாத்தில்தான், 1897 ஆகஸ்ட் 20ஆம் நாள். அந்தக் கொசு யாருடைய ரத்தத்தைக் குடித்தது? உசேன் கான் என்ற ஒரு நோயாளியின் ரத்தத்தை. கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் அவருக்குக் கூலி கொடுத்தார்கள். ராசுக்கு 1902இல் நோபல் பரிசு வந்தது. அந்தக் கண்டுபிடிப்பால் உலகமே பயன்பெற்றது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பரிசுக்கும் ஓர் அணாவுக்கும் நடுவில் இருக்கும் தூரம் எவ்வளவு? ரத்தம் கொடுத்தவனுக்கும் அதனால் வரும் பலனுக்கும் இடையே உள்ள அந்தத் தூரத்தைக் குறைப்பதுதான் ஆராய்ச்சியை நடத்தும் முறையின் தலையாய வேலை என்று நான் நினைக்கிறேன்.

நமக்குக் கூப்பிடு தூரத்தில், தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. அது நம்மைப் போலவே தமிழகத்திலிருந்து வண்டியேறி வந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1918இல் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் தொடங்கியது அது. 1958இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. 1969இல் இன்றைய பெயரைப் பெற்றது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் 1960களில் அதன் இயக்குநராக இருந்து வளர்த்தார். ஏழைக் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ மருந்தை வாய் வழியாகக் கொடுத்தால் கண் பார்வை போவதைத் தடுக்கலாம் என்று அங்கே செய்த ஆராய்ச்சியின் அடிப்படையில் 1970இல் நாடு முழுவதற்குமான திட்டமே பிறந்தது. இதைப் பலன் வீடு வந்து சேர்ந்த ஆராய்ச்சி என்று சொல்லலாம்.

அதே நிறுவனம் இந்நகரைச் சுற்றியுள்ள கிராமங்களில் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். 1987 முதல் 1990 வரை, அங்கன்வாடித் திட்டம் வந்துசேர்ந்த 15 ஊர்களில் கருவுற்ற தாய்மாருக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் சத்துணவு கொடுத்துக் கணக்கெடுத்தார்கள். திட்டம் இன்னும் வராத 14 ஊர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அத்தோடு விட்டுவிடவில்லை. அந்தக் குழந்தைகள் 13 முதல் 18 வயது வரை வளர்ந்த பிறகு திரும்பவும் தேடிப்போய் அளந்தார்கள். சத்துணவு கிடைத்த ஊர்ப் பிள்ளைகள் சராசரியாக 14 மில்லிமீட்டர் உயரமாக இருந்தார்கள். பிற்காலத்தில் சர்க்கரை நோய்க்கும் இருதய நோய்க்கும் வழிவைக்கும் அறிகுறிகள் அவர்களிடம் குறைவாக இருந்தன. 2008இல் இது வெளிவந்தது. கருவிலும் தொட்டிலிலும் கிடைக்கும் ஒரு கை உணவு, பல ஆண்டு கழித்து ரத்தத்தில் பேசுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அரிசிக்கும் முட்டைக்கும் பணம் ஒதுக்கு என்று அரசிடம் கேட்கிறவனுக்கு இது ஆயுதம்.

நமது சென்னையில் நடந்ததையும் சொல்கிறேன். 1950களில் காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்க வேண்டும் என்பதுதான் மருத்துவம். படுக்கை கிடைத்தவன் பிழைத்தான். கிடைக்காத ஏழை இருமி இருமிச் செத்தான். 1956இல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சிக்கென ஒரு மையம் தொடங்கினார்கள். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்து, ஒரு பாதியினரைச் சானடோரியத்தில் வைத்தும், மறு பாதியினரை அவரவர் குடிசையிலேயே வைத்தும், இருசாராருக்கும் ஓராண்டுக் காலம் அதே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்துக்காரர்களுக்கு நல்ல உணவு, நல்ல காற்று, முழு ஓய்வு. குடிசைக்காரர்களுக்கு இவை ஒன்றுமில்லை. ஆயினும் குணமானதில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. 1959இல் முடிவு வெளிவந்ததும் உலகமே சானடோரியங்களை மூடத் தொடங்கியது.

அந்த ஆராய்ச்சி ஏன் வென்றது? மருந்து மட்டும் காரணமல்ல. ஒவ்வொரு நோயாளியின் வீட்டுக்கும் ஊழியர்கள் நடந்து போனார்கள். மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். வராதவரைத் தேடிப் போய்க் கூட்டி வந்தார்கள். அதாவது, ஏழையின் வீட்டு வாசல் வரை நடப்பதற்கான ஆளையும் சம்பளத்தையும் திட்டத்திலேயே சேர்த்து வைத்திருந்தார்கள். திட்டத்தை நடத்துவது என்றால் அதுதான். காகிதத்தில் எழுதியதை வாசல் வரை கொண்டுபோவது.

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம்.

நல்கொண்டா நமக்குத் தூரமில்லை. அங்கே கிணற்று நீரில் உள்ள புளோரைடால் பிள்ளைகளின் கால்கள் வளைந்து போயின. 1970களிலேயே நமது தார்நாகா நிறுவனத்தார் இதை ஆராய்ந்து எழுதினார்கள். நாகபுரியில் உள்ள சுற்றுச்சூழல் பொறியியல் நிறுவனம் படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு புளோரைடை நீக்கும் முறையைக் கண்டு, அதற்கு ‘நல்கொண்டா முறை’ என்று அந்த ஊரின் பெயரையே வைத்தது. உலகத்துப் பாடப் புத்தகங்களில் நல்கொண்டாவின் பெயர் ஏறியது. ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நல்ல தண்ணீர் எப்போது வந்தது? அறிந்தது 1970களில். வீடுதோறும் குழாய் என்று மிஷன் பகீரதா தொடங்கியது 2016இல். இடையில் ஒரு தலைமுறை வளைந்த காலோடு நடந்தது. இது ஆராய்ச்சியாளரின் குற்றமன்று. ஆனால் ஆராய்ச்சியைக் குழாயோடு இணைக்கும் பொறுப்பு யாருக்கென்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் நேர்ந்தது.

அடுத்தது கம்மம் மாவட்டத்தில் நடந்தது. தாய்மார்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும்.

2009 ஜூலையில், அப்போதைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில், பத்ராசலம், கொத்தகூடம், திருமலாயபாலம் ஆகிய மூன்று மண்டலங்களில் 10 முதல் 14 வயது வரையுள்ள ஏறக்குறைய 14,000 சிறுமிகளுக்கு, கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி போடத் தொடங்கினார்கள். பாத் என்ற அமெரிக்க நிறுவனமும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், மாநில அரசும் சேர்ந்து நடத்திய திட்டம். அச்சிறுமிகளில் மலைவாழ் மக்களின் பிள்ளைகள் நிறைய. ஆசிரமப் பள்ளி விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். சில சிறுமிகள் இறந்துபோன செய்தி வந்தது. பெண்கள் அமைப்புகள் அங்கே நேரில் சென்று விசாரித்துக் குரல் எழுப்பின. 2010 ஏப்ரலில் மத்திய அரசு திட்டத்தை நிறுத்தியது.

இதில் நியாயமாகப் பேச வேண்டும். அரசு அமைத்த விசாரணைக் குழு, இறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பு இருப்பதாகக் காணவில்லை. இத்தடுப்பூசி உலகத்தில் பல நாடுகளில் பெண்களின் உயிரைக் காக்கிறது என்பதும் உண்மை. நமது நாட்டிலேயே இப்போது தயாராகிறது. ஊசிக்குப் பயந்து யாரும் ஓட வேண்டாம். அப்படியானால் குற்றம் எங்கே? சம்மதம் வாங்கிய விதத்தில். 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தனது 72ஆவது அறிக்கையில் அதைப் புட்டுப் புட்டு வைத்தது. ஆந்திரத்தில் பார்வையிட்ட 9,543 சம்மதப் பத்திரங்களில் 1,948 பத்திரங்களில் இருந்தது வெறும் கைநாட்டு. 2,763 பத்திரங்களில் கையெழுத்திட்டவர்கள் தாயும் அல்லர், தந்தையும் அல்லர், விடுதி வார்டன்கள்!

மலையில் இருக்கிற தாய்க்குத் தன் மகளுக்கு ஊசி போட்ட செய்தியே தெரியாது. அவளுக்காக வார்டன் கையெழுத்திடுகிறார். அந்த வார்டன் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. மேலேயிருந்து உத்தரவு வந்திருக்கும். பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்றும் நினைத்திருப்பார். ஆனால் அந்தக் கையெழுத்து அவருடையதன்று. நல்லது செய்யப் போன ஒரு திட்டம், கேட்க வேண்டியவரைக் கேட்காததால் கெட்டது. அந்த ஊசியின் மேலேயே மக்களுக்குப் பல ஆண்டு அவநம்பிக்கை உண்டாயிற்று. அதன் விலையைக் கொடுப்பவர்களும் ஏழைப் பெண்கள்தாம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அலபாமா மாநிலத்தில் டஸ்கிகி என்னும் ஊர். 1932இல் அரசின் பொதுச் சுகாதாரத் துறையே, மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களையும், நோயில்லாத 201 பேரையும் வைத்துக்கொண்டு, சிகிச்சை கொடுக்காமல் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டேயிருந்தது. 1940களில் பெனிசிலின் வந்தது. அதையும் கொடுக்கவில்லை. 1972இல் செய்தித்தாளில் வெளிவந்த பிறகுதான் நிறுத்தினார்கள். 40 ஆண்டுகள்! இலவசச் சோறு, ஊருக்குள் போய்வர வண்டி, செத்தால் அடக்கச் செலவு, இவைதாம் அவர்களுக்குக் கிடைத்த ஊதியம். அந்த மனிதர்கள் ஏன் நம்பினார்கள்? அவர்களை வீடுவீடாகப் போய் அழைத்து வந்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பின நர்ஸ். தங்கள் இனத்துப் பெண், தங்கள் மொழியில் பேசுகிறவர், அன்பானவர் என்று நம்பினார்கள்.

தோழர்களே, இதைச் சொல்லும்போது நமது தலைவரை நினைத்துப் பார்க்கிறேன். அவர் கையொப்பமிட்ட கடிதத்தைக் காட்டினால் லாலாகுடாவிலும் மெட்டுகுடாவிலும் எந்த வீட்டுக் கதவும் திறக்கும். “தலைவரே சொல்லிவிட்டார், இதில் என்ன இருக்கிறது” என்று நமது அக்காமார் கையை நீட்டிவிடுவார்கள். அந்த நம்பிக்கை நமது சங்கம் சம்பாதித்த சொத்து. அதைத்தான் இந்தக் குழுவினர் நம்மிடம் கேட்கிறார்கள். மண்டப வாடகை கொடுத்து வாங்குகிற சரக்கு அதுவன்று. கம்மத்தில் வார்டன் இருந்த இடத்தில், டஸ்கிகியில் அந்த நர்ஸ் இருந்த இடத்தில், நாளை நமது சங்கம் நிற்கக் கூடாது.

அமெரிக்கர்கள் அந்த அவமானத்திலிருந்து ஏதோ கற்றார்கள். 1997இல் அவர்கள் அதிபர் கிளிண்டன் உயிரோடிருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். சிறுபான்மையினரின் உடல்நல ஏற்றத்தாழ்வை ஆராய்வதற்கென்றே 1990இல் ஓர் அலுவலகம் தொடங்கி, 2010இல் அதைத் தனி நிறுவனமாக்கினார்கள். இங்கேயும் விதிகள் இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், பங்குபெறுவோருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், பத்திரத்தின் பிரதியை அவரிடம் கொடுக்க வேண்டும், எந்த நேரத்திலும் விலகலாம், ஆராய்ச்சியின் பலன் அந்த மக்களுக்கும் சேர வேண்டும் என்கின்றன. ஒவ்வொரு ஆராய்ச்சியையும் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவில் மருத்துவரல்லாத சாதாரணக் குடிமகனும், சட்டம் தெரிந்தவரும் இருக்க வேண்டும் என்கின்றன. புது மருந்துச் சோதனைகளுக்கு 2019இல் தனி விதிகளே வந்திருக்கின்றன. தீங்கு நேர்ந்தால் மருத்துவமும் நஷ்டஈடும் நடத்துபவர் பொறுப்பு. விதி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் ஆள் வேண்டும்.

ஆகவே, நாம் வைக்க வேண்டிய நிபந்தனைகள் என்ன? எனக்குத் தெரிந்த பார்சல் ஆபீஸ் பாஷையிலேயே சொல்கிறேன்.

முதலாவது, ரசீது. ஒரு மூட்டையைப் பார்சல் ஆபீசில் கொடுத்தால், என்ன சரக்கு, எங்கே போகிறது, யார் பொறுப்பு என்று எழுதி, ஒரு பிரதி கொடுத்தவன் கையில் இருக்கிறது. பத்து ரூபாய் பெறாத மூட்டைக்கு ரசீது உண்டு. நமது ரத்தத்துக்கு இல்லையா? சம்மதப் பத்திரம் தமிழில் இருக்க வேண்டும். தமிழில் என்றால் அகராதித் தமிழில் அல்ல. பேசினால் புரிகிற தமிழில். நமது பாட்டிமார் பலருக்கு எழுத்தே தெரியாது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் தெலுங்குதான் வரும். ஆகவே பத்திரத்தை வீட்டிலேயே வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். ஓர் இரவு யோசிக்க விட வேண்டும். மறுநாள் வந்து கேட்க வேண்டும். இந்த மண்டபத்தில், தலைவர் பார்க்க, வரிசையில் நிறுத்திக் கையெழுத்து வாங்கக் கூடாது. பத்துப் பேர் பார்க்கும்போது வேண்டாம் என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்?

இரண்டாவது, பொறுப்பு. சரக்கு அனுப்புவதில் இரண்டு வகை உண்டு என்பது நம்மவர்க்குத் தெரியும். ‘ரயில்வே ரிஸ்க்’ ஒன்று, ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ ஒன்று. சேதமானால் ரயில்வே கொடுக்கும் என்பது முதல் வகை. சேதமானால் உன் பாடு என்பது இரண்டாவது வகை. ஏழைகளின் உடம்பில் நடக்கும் ஆராய்ச்சி பெரும்பாலும் ஓனர்ஸ் ரிஸ்க்கிலேயே நடக்கிறது. ரத்தம் எடுத்த இடத்தில் சீழ் பிடித்தாலும், கொடுத்த மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டாலும், யார் பார்ப்பது, எந்த ஆஸ்பத்திரி, செலவு யாருடையது, அன்றைய கூலி போனால் யார் கொடுப்பது என்று எழுத்தில் வர வேண்டும்.

மூன்றாவது, ஆளும் கூலியும். வீடுவீடாகப் போக நமது குடியிருப்புப் பெண்களையே பயிற்சி கொடுத்து வைத்துக்கொள்ளட்டும். ஆனால் ‘தொண்டர்’ என்று பெயர் வைத்துச் சும்மா உழைப்பு வாங்கக் கூடாது. மருத்துவருக்கும் கம்ப்யூட்டருக்கும் பணம் ஒதுக்கும்போதே, மொழிபெயர்த்துச் சொல்பவருக்கும் வீட்டுக்கு நடப்பவருக்கும் மாதச் சம்பளம் ஒதுக்க வேண்டும். சென்னையில் காசநோய் ஆராய்ச்சி வென்றது அப்படித்தான். இங்கே வரப்போகும் கள ஊழியர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களே என்பதை மறந்துவிடாதீர்கள். அவர்களை நாம் விரோதிகளாக நடத்த வேண்டியதில்லை.

நான்காவது, முடிவு திரும்பி வர வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நமது குடியிருப்பில் வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். யார் என்ற பெயர் இங்கே வேண்டாம். எழுபது எண்பது பேர் கை நீட்டினார்கள். இன்றுவரை ஒரு துண்டுச் சீட்டு திரும்பி வரவில்லை. கொடுத்தவர்களில் ஒரு அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது அடுத்த ஆண்டு கால் புண் ஆறாதபோதுதான் தெரிந்தது. அந்தக் காகிதம் யாரோ ஒருவர் மேசையில் அன்றே இருந்திருக்க வேண்டும். ஆகவே, பதினைந்து நாளுக்குள் அவரவர் எண் அவரவர் கையில் வர வேண்டும். சர்க்கரை என்று தெரிந்தால் எந்த பஸ்தி தவாகானாவுக்குப் போவது, மாத்திரை அங்கே இருக்கிறதா, தொடர்ந்து கிடைக்குமா என்பதையும் அவர்களே ஏற்பாடு செய்துவிட்டுத்தான் முதல் ஊசியைக் குத்த வேண்டும்.

ஐந்தாவது, புகார்ப் புத்தகம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் புகார்ப் புத்தகம் வைத்திருக்கிறோம். இந்தத் திட்டத்துக்கும் ஒன்று வேண்டும். அதைப் படிக்கக் குடியிருப்பு மக்களே ஒரு குழு அமைக்க வேண்டும். அதில் பாதிப் பேர் பெண்கள், சரிபாதி ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பத்தார். மாதம் ஒரு முறை கூடி, நடவடிக்கைக் குறிப்பு எழுதி, இந்த மண்டபப் பலகையில் ஒட்ட வேண்டும். “இது சரியில்லை, நிறுத்துங்கள்” என்று சொல்லும் அதிகாரம் அக்குழுவுக்கு இருக்க வேண்டும்.

ஆறாவது, மூன்றாண்டு முடிந்தபின் என்ன? பட்டம் வாங்குபவர் வாங்கட்டும், வெளிநாட்டில் கட்டுரை படிப்பவர் படிக்கட்டும், நமக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த அறிக்கை தமிழிலும் தெலுங்கிலும் இதே மண்டபத்தில் முதலில் படிக்கப்பட வேண்டும். அதை எடுத்துக்கொண்டு மாநகராட்சியிடமும் ரயில்வே நிர்வாகத்திடமும் ஒப்பந்ததாரர்களிடமும் கேட்க வேண்டியதை நாம் கேட்போம். நல்கொண்டாவில் விட்டுப்போன வேலை அதுதான்.

“இத்தனை நிபந்தனை போட்டால் அவர்கள் வேறு சங்கத்துக்குப் போய்விடுவார்களே” என்று ஒரு நண்பர் கேட்டார். போகலாம். நிதியைக் குறித்த காலத்துக்குள் செலவு செய்தாக வேண்டிய நெருக்கடி அவர்களுக்கும் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன். நிபந்தனை கேட்காத கூட்டம் இந்த ஊரில் நிறைய உண்டு. நகருக்கு வெளியே செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒடிசாக்காரர்கள் இருக்கிறார்கள். லம்பாடித் தாண்டாக்கள் இருக்கின்றன. பழைய நகரத்துச் சந்துகள் இருக்கின்றன. 2011இல் குண்டூர் மாவட்டத்துப் பிடுகுராள்ளாவிலிருந்து ஏழைப் பெண்களைக் காசு கொடுத்து ஐதராபாத்துக்குக் கூட்டி வந்து மருந்துச் சோதனைக்கு உட்படுத்திய செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? நாம் மறுத்தது அவர்கள் தலையில் விழக்கூடாது. ஆகவே இந்த ஆறு நிபந்தனைகளையும் நமக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், தெலுங்கிலும் உருதிலும் ஒடியாவிலும் பெயர்த்து மற்றச் சங்கங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்பது என் கோரிக்கை.

இனித் தீர்மானத்துக்கு வருகிறேன். ஒன்று, உறுப்பினர் பட்டியலைக் கொடுக்கக் கூடாது. அது சந்தா வசூலிக்க மக்கள் நம்மை நம்பிக் கொடுத்த பெயர்கள். இரண்டு, மண்டபத்தைக் கொடுக்கலாம். விளக்கக் கூட்டம் நடத்த மட்டும், வாடகை இல்லாமல். வாடகை வாங்கிவிட்டால் பிறகு குறை சொல்ல நமக்கு நாக்கு எழாது. மூன்று, கடிதம் கொடுக்கலாம்; ஆனால் “அனைவரும் ஒத்துழைக்கவும்” என்று எழுதக் கூடாது. “இந்த ஆராய்ச்சியைப் பற்றி இன்ன இன்ன கேள்விகளைக் கேட்டோம்; இன்ன இன்ன பதில் வந்தது; சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம்; சேராதவருக்குச் சங்கத்தில் எந்தக் குறைவும் வராது” என்று எழுத வேண்டும். நான்கு, வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்குழுவினரை இங்கே அழைத்து, இந்த ஆறையும் நேரில் வைத்துப் பேச வேண்டும். அன்று ஆண்கள் மட்டும் வந்து உட்கார்ந்தால் போதாது. கை நீட்டப் போகிறவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். கேள்வி கேட்க வேண்டியவர்களும் அவர்களே.

இத்தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறேன். மாற்றம் சொல்பவர்கள் எழுந்து சொல்லலாம்.